பூட்டு அரசுடையது, சாவி கம்பெனியுடையது: தனியார் நடத்தும் குடிவரவுத் தடுப்பு மையம் என்றால் என்ன?

லண்டன் தமிழ் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சைன் பண்ணப் போன இடத்தில பிடிச்சு உள்ள போட்டிட்டாங்கள்." புகலிடம் கேட்டு வழக்கு நடத்துபவர், குறித்த நாளில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படிப் போனவர் வீடு திரும்பவில்லை. மாலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது: "கட்விக்கில வச்சிருக்கிறாங்கள்."

வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, அவர் என்ன குற்றம் செய்தார் என்பதுதான். பெரும்பாலும் எதுவும் இல்லை. அடுத்து, எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவரை உள்ளே வைத்திருப்பது யார்? போலீஸா, சிறைத் துறையா? இரண்டும் இல்லை. ஒரு கம்பெனி. அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அது புரிந்தால், உள்ளே நடப்பவற்றில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

சிறையும் தடுப்பும்

சிறைக்குப் போகிறவரை ஒரு நீதிபதி விசாரித்திருப்பார். தீர்ப்பு இருக்கும், தண்டனைக் காலம் இருக்கும். விடுதலை நாளை எண்ணிச் சுவரில் கோடு போடலாம். குடிவரவுத் தடுப்பு அப்படியல்ல. ஹோம் ஆபீஸ் என்று எல்லோரும் சொல்லும் உள்துறை அமைச்சகத்தின் அதிகாரி ஒருவர், கோப்பைப் பார்த்து முடிவு செய்கிறார். ஆளை நாடுகடத்துவதற்கு, அல்லது அவர் யார் என்று சரிபார்ப்பதற்குத் தடுத்து வைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இதற்குப் பெயர் தண்டனை அல்ல, நிர்வாக நடவடிக்கை.

பிரிட்டனில் இந்தத் தடுப்புக்குச் சட்டத்தில் பொதுவான காலவரம்பு கிடையாது. மூன்று நாளில் வெளியே வந்தவர்களும் உண்டு, ஆண்டு கடந்தும் உள்ளே இருந்தவர்களும் உண்டு. 2017-ல் மட்டும் சுமார் 27,000 பேர் இப்படி உள்ளே போனார்கள். எல்லோரும் நாடுகடத்தப்பட்டார்களா என்றால், இல்லை. 2019-ல் தடுப்பிலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிரிட்டனுக்குள்ளேயே, பெரும்பாலும் பெயிலில், விடப்பட்டார்கள். பிடித்தது நாடுகடத்துவதற்காக. விட்டது பழைய வீட்டுக்கே. இடையில் போன வாரங்களுக்கும் மாதங்களுக்கும் யார் பதில் சொல்வது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கம்பெனி எப்படி உள்ளே வந்தது

1970-லேயே வந்துவிட்டது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற இடத்தில் தடுத்து வைக்கப்பட்டவர்களைக் காவல் காக்கும் வேலை செக்யூரிகார் என்ற நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. வங்கிகளுக்குப் பணப்பெட்டி கொண்டுபோகும் வேன்களால் பெயர் பெற்ற நிறுவனம் அது. பிரிட்டனில் முதல் தனியார் சிறை திறக்கப்பட்டது 1992-ல். அதாவது, தண்டனைக் கைதிகளைத் தனியாரிடம் ஒப்படைக்க இருபது வருடத்துக்கு மேல் தயங்கிய நாடு, குடிவரவுக் கைதிகள் விஷயத்தில் அவ்வளவு தயங்கவில்லை.

இந்தக் கதையில் தமிழர்கள் 1987-லேயே வந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹீத்ரோவில், திருப்பி அனுப்புவதற்காக விமானத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள், ஓடுதளத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். படங்கள் உலகம் முழுக்கப் போயின. சில மாதங்களில், இடம் போதவில்லை என்று சொல்லி, ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலை ஹார்விச் துறைமுகத்தில் கட்டி நிறுத்தித் தடுப்பு முகாமாக்கினார்கள். காவல் மறுபடியும் செக்யூரிகார். உள்ளே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசம்.

அக்டோபர் 16 அதிகாலை, தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் கப்பலைக் கட்டியிருந்த கயிறுகள் அறுந்தன. கப்பல் இருட்டில் ஆளையும் சுமந்துகொண்டு மிதந்துபோய்த் தரைதட்டி நின்றது. அதற்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரைத் தற்காலிக அனுமதி கொடுத்து வெளியே விட்டுவிட்டார்கள். வெளியே விடவே முடியாது என்று கப்பலில் வைத்திருந்த அதே ஆட்களை!

செக்யூரிகார் 2004-ல் இன்னொரு காவல் நிறுவனமான குரூப் 4-ன் பாதுகாப்புப் பிரிவோடு இணைந்தது. அப்படிப் பிறந்ததுதான் ஜி4எஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட் என்ன சொல்கிறது

ஹாஸ்டல் மெஸ்ஸைக் கான்ட்ராக்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாகிவிட்டது. வரவு மாறாது. லாபம் வேண்டுமென்றால் செலவில்தான் பிடிக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு குறையும். தடுப்பு மையமும் அடிப்படையில் இதே கணக்குதான். அரசு ஒரு தொகையைக் கொடுக்கிறது. கட்டடம், சாப்பாடு, காவல் எல்லாம் அதற்குள். இதில் பெரிய செலவு ஆட்களின் சம்பளம். ஆகவே குறைக்க எளிதாகக் கை போவதும் அங்கேதான். இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர், நீண்ட பயிற்சி வேண்டிய வேலைக்குச் சில வாரப் பயிற்சி.

மெஸ்ஸில் பருப்பு குறைந்தால் மாணவர்கள் தட்டைத் தட்டிச் சத்தம் போடுவார்கள், வார்டன் வருவார். தடுப்பு மையத்தில் இருப்பவர், தன் வழக்கு கெட்டுவிடுமோ என்று பயந்து வாய் திறக்கமாட்டார். ஆங்கிலம் தெரியாதவராக இருக்கலாம். முறைப்பாடு எழுதிய மறுநாள் விமானத்தில் ஏற்றப்பட்டும் விடலாம். அப்புறம் எந்த விசாரணைக்கு அவர் வரப்போகிறார்?

சரி, அரசு சும்மா விட்டுவிடுமா? ஒப்பந்தத்தில் அதற்கும் வழி உண்டு. கம்பெனி இன்னின்னதைச் சரியாகச் செய்ய வேண்டும், தவறினால் இவ்வளவு பணம் பிடிக்கப்படும் என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்தப் பட்டியலில்தான் எல்லாமே இருக்கிறது. பட்டியலில் இருப்பதைக் கம்பெனி கண்ணும் கருத்துமாகப் பார்க்கும். பட்டியலில் இல்லாதது, காகிதத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இது என் ஊகமல்ல. புரூக் ஹவுஸ் என்ற ஒரே ஒரு மையத்தின் கதையைப் பார்த்தால் தெரியும்.

புரூக் ஹவுஸ், 2017

லண்டனுக்குத் தெற்கே கட்விக் விமான நிலையம். ஓடுதளத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தூரத்தில் 2009-ல் திறக்கப்பட்டது புரூக் ஹவுஸ். கடுமையான காவல் தேவைப்படும் 'பி' வகைச் சிறையின் தரத்தில் கட்டிய கட்டடம். சில நாள் மட்டும், 72 மணி நேரம் வரை, ஆட்களை வைத்திருப்பதற்கென்று வடிவமைத்தது. நடத்தியது ஜி4எஸ்.

அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜன்னல் திறக்காது. இரண்டு பேருக்கான கட்டில். அறைக்குள்ளேயே கழிப்பறை, அதற்குக் கதவு இல்லை, மறைப்புக்கு ஒரு திரைச்சீலை. இரவு 9 மணிக்கு வெளியே பூட்டினால் காலை 8 மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொரு மணி நேரம். மொத்தம் 448 பேருக்கான இடத்தில் இன்னும் 60 படுக்கை சேர்க்க அரசு முடிவு செய்தது. புதுக் கட்டடம் கட்டவில்லை, அறைகளில் மூன்றாவது கட்டிலைப் போட்டார்கள். கழிப்பறையும் ஜன்னலும் அதே ஒன்றுதான். முஸ்லிம்கள் அதிகாலைத் தொழுகையையும் இரவுத் தொழுகையையும் இந்த மூடாத கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் செய்ய வேண்டியிருந்தது. இதை எதிர்த்து உள்ளே இருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2018-ல் உயர் நீதிமன்றம் ஹோம் ஆபீஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

கேலம் டல்லி என்ற இளைஞர் 18 வயதில் இங்கே காவல் ஊழியராக வேலைக்குச் சேர்ந்தவர். சக ஊழியர்கள் சிலர் நடந்துகொள்வதைப் பார்த்து மனம் பொறுக்காமல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சிக்கு எழுதினார். பிறகு சட்டைக்குள் ரகசியக் கேமராவோடு பல மாதம் அதே வேலைக்குப் போய்வந்தார். 2017 செப்டம்பரில் அது ஒளிபரப்பானது.

அதில் ஒரு காட்சியை மறப்பது கடினம். தன்னையே காயப்படுத்திக்கொள்ள முயன்ற ஓர் இளைஞனை ஊழியர்கள் தரையில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். காப்பாற்றத்தான் பிடித்தார்கள் என்று நினைக்கும்போதே, ஓர் ஊழியரின் இரண்டு கைகளும் அவன் கழுத்தைச் சுற்றி இறுகுகின்றன. மூச்சுத் திணறும் சத்தம் கேட்கிறது. உன்னைத் தூங்க வைத்துவிடுவேன் என்று கெட்ட வார்த்தையோடு காதருகே சொல்கிறார். நிதானமாக இரு என்று கெஞ்சுவது போலத் தடுக்கும் குரல் கேலமுடையது. மருத்துவ ஊழியர் ஒருவரும் அங்கே இருந்தார்.

இதற்குச் சில மாதம் முன்புதான், 2016 இறுதியில், சிறைகளைப் பார்வையிடும் அரசுத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் புரூக் ஹவுஸுக்கு வந்து, ஓரளவு நன்றாகவே நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கு வருபவர் கண்ணில் சுவரும் படுக்கையும் படும், இரவில் பூட்டிய அறையில் நடப்பது படாது.

2,768 பவுண்ட்

இப்போது பட்டியலுக்கு வருவோம். 2019-ல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்த ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தது. ஊழியர்கள் முறையில்லாமல் பலத்தைப் பயன்படுத்துவதும், கைதிகளை வாயில் வந்தபடி திட்டுவதும் ஒப்பந்தத்தின் கணக்கில் கம்பெனியின் தவறாகவே சேரவில்லை என்பது அப்போது வெளியே வந்தது. பனோரமாவில் உலகமே பார்த்த நிகழ்வுகளுக்காக ஜி4எஸ்ஸிடமிருந்து பிடிக்க முடிந்த அபராதம் 2,768 பவுண்ட். அதே தணிக்கை இன்னொரு எண்ணையும் சொன்னது. 2012 முதல் 2018 வரை புரூக் ஹவுஸிலிருந்து அந்த நிறுவனம் ஈட்டிய மொத்த லாபம் 1 கோடியே 43 லட்சம் பவுண்ட்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊழியரின் கொடூரம் அவருடையதுதான், அதைக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு மனிதனின் கழுத்தை நெரிப்பதற்கென்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தத்தில் அரசுதான் கையெழுத்துப் போட்டது.

உள்ளே இருந்தவர்கள் வழக்குப் போட்டுப் போராடியதால்தான் முழு அதிகாரமுள்ள பொது விசாரணை கிடைத்தது. கேட் ஈவ்ஸ் தலைமையில் நடந்த அந்த விசாரணை 2023 செப்டம்பர் 19-ல் அறிக்கை தந்தது. 2017 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான ஐந்து மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற நடத்தையையும் தடைசெய்யும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-வது பிரிவை மீறியதாகக் கருதத்தக்க 19 நிகழ்வுகளை அது அடையாளம் கண்டது. ஐந்தே மாதத்தில், ஒரே கட்டடத்தில்.

டாக்டர் எழுத வேண்டிய கடிதம்

தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. தடுப்பு மைய விதிகளில் 35-வது விதி என்று ஒன்று உண்டு. தடுப்பில் இருப்பதால் ஒருவரின் உடல்நலம் கெடும் என்றாலோ, தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ, அவர் சித்திரவதைக்கு ஆளானவராக இருக்கலாம் என்று தோன்றினாலோ, மையத்தின் டாக்டர் அதை எழுதி ஹோம் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால், அவரைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று ஹோம் ஆபீஸ் மறுபடி பார்க்க வேண்டும். முதுகில் சிகரெட் சுட்ட தழும்போடு வந்தவருக்கு இந்தக் கடிதம்தான் கதவு.

புரூக் ஹவுஸில் மருத்துவப் பொறுப்பும் ஜி4எஸ்ஸின் சகோதர நிறுவனத்திடமே இருந்தது. தற்கொலை எண்ணம் பற்றிய கடிதம், விசாரணை ஆராய்ந்த அந்த ஐந்து மாதத்தில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. தன்னையே காயப்படுத்திக்கொண்டவர்கள் நிறைந்திருந்த இடத்தில்! அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைத்தது கண்காணிப்பும், சில நேரம் தனிமை அறையும், சில நேரம் கைபலமும். நோயைக் காவல் பிரச்சினையாகப் பார்த்தார்கள். இதைத் தனியார் லாபம் என்ற ஒற்றைக் காரணத்துக்குள் அடக்க முடியாது. கடிதம் வந்தால் படித்து விடுதலை செய்ய வேண்டிய ஹோம் ஆபீஸையும் விசாரணை விட்டுவைக்கவில்லை.

மணிக்கு ஒரு பவுண்ட்

உள்ளே இருப்பவர்கள் வெளியே வேலை செய்யக் கூடாது. ஆனால் உள்ளேயே தரை துடைக்கலாம், சமையலறையில் உதவலாம், முடிவெட்டலாம். கூலி மணிக்கு 1 பவுண்ட். 2017-ல் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி 7.50 பவுண்ட். தடுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும், அதற்கு ஒரு பொழுதுபோக்காகத்தான் வேலை கொடுக்கிறோம் என்பது அரசின் வாதம். போன் கார்டுக்காகத் தரை துடைக்கிறவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல.

அமெரிக்காவில் இது இன்னும் மோசம். அங்கே தடுப்பில் இருப்போரில் சுமார் பத்தில் ஒன்பது பேர் தனியார் கம்பெனிகள் நடத்தும் இடங்களில் இருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரில் ஜியோ குரூப் நடத்தும் மையத்தில் ஒரு நாள் வேலைக்குக் கொடுத்தது 1 டாலர். மணிக்கு அல்ல, நாளைக்கு. 2021 அக்டோபரில் ஜூரி, உள்ளே வேலை செய்தவர்களுக்கு 1 கோடியே 73 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. கம்பெனி மேல்முறையீடு செய்தது; 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

அதே பெயர், இன்னொரு தீவு

2021 அக்டோபரில், கனடா போகப் புறப்பட்ட ஈழத்தமிழர்களின் படகு ஒன்று இந்தியப் பெருங்கடலில் பழுதாகி, பிரிட்டிஷ் கட்டுப்பாட்டிலுள்ள டியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு அது. வேலி போட்ட ஒரு சின்ன இடத்தில் கூடாரங்கள். பிறகு வேறு படகுகளும் வந்தன. குழந்தைகளும் இருந்தார்கள். கூடாரத்துக்குள் எலிகள். உண்ணாவிரதங்கள், தற்கொலை முயற்சிகள். காவலுக்கு அரசு அமர்த்தியது ஜி4எஸ்ஸை. ஹார்விச் கப்பலில் தமிழர்களைக் காத்து நின்ற நிறுவனத்தின் வாரிசு, முப்பத்தைந்து வருடம் கழித்து, இன்னொரு கடலோரத்தில் மறுபடி தமிழர்களைக் காத்து நின்றது.

இவர்கள் தடுத்து வைக்கப்படவில்லை, தீவின் பாதுகாப்புக்காக ஓர் எல்லைக்குள் இருக்கச் சொல்லியிருக்கிறோம் என்று தீவின் பிரிட்டிஷ் நிர்வாகம் வாதிட்டது. 2024 டிசம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி, அந்த முகாம் பெயரளவில் மட்டும் சிறை இல்லை, மற்றபடி சிறையேதான் என்றும், மூன்று ஆண்டுகளாக அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தார். அதே மாதம் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அப்படியானால் அரசே நடத்தினால் சரியாகிவிடுமா?

வாசிக்கிறவர்கள் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். அரசு நேரடியாக நடத்தும் சிறைகளிலும் அடி உண்டு, வசவு உண்டு. தனியாரிடம் கொடுத்தால் செலவு குறையும், ஆட்களின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் சீக்கிரம் சமாளிக்கலாம் என்று ஆதரிப்பவர்கள் சொல்வதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. என் மனதில் உறுத்துவது வேறு. தப்பு நடந்தால் பொறுப்பு யாருடையது என்று தேடும்போது, அரசு கம்பெனியைக் காட்டுகிறது, கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டுகிறது, ஒப்பந்தம் பட்டியலைக் காட்டுகிறது. அடிபட்டவன் பட்டியலில் இல்லை. நடத்தும் கம்பெனியை மாற்றுவதாலும் இது தீராது. 2020 மே மாதம் முதல் புரூக் ஹவுஸ் செர்கோ என்ற இன்னொரு நிறுவனத்திடம் இருக்கிறது. பூட்டும் அதே, அறையும் அதே.

கேட் ஈவ்ஸ் அறிக்கை தந்த 33 பரிந்துரைகளில், அரசு நினைத்தால் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது ஒன்று: யாரையும் 28 நாளுக்கு மேல் தடுப்பில் வைக்கக் கூடாது. 2024 மார்ச்சில் அரசு பதில் சொன்னபோது அதை ஏற்கவில்லை.

ஆகவே இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு அந்த போன் வந்தால் சில விஷயங்கள் கையில் இருக்கட்டும். உள்ளே அவருடைய ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துக்கொண்டு, கேமராவும் இணையமும் இல்லாத சாதாரண போன் கொடுப்பார்கள். வழக்குக் காகிதங்களின் படமெல்லாம் பழைய போனில் இருந்தால் அவர் கைக்கு எட்டாது, வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டும். மையத்துக்குள் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஏற்பாடு உண்டு, பெயர் பதியச் சொல்லுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெயில் விசாரணைக்குத் தானாக அனுப்ப வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆனால் குற்றவழக்கில் தண்டனை பெற்று நாடுகடத்தலுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது இல்லை. அந்த நான்கு மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். பொதுவாக அதற்கு முன்பே பெயிலுக்கு மனுப் போடலாம். ஊரில் சித்திரவதை அனுபவித்தவர் என்றால், வெட்கப்படாமல், பயப்படாமல், முதல் நாளே டாக்டரிடம் 35-வது விதிப்படி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட இதைத்தான் நம்மவர்கள் சொல்லத் தயங்குகிறார்கள்.

பார்க்கப் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம், அடையாள அட்டை கேட்பார்கள். தனக்கே விசா இல்லாத தம்பியோ மச்சானோ அந்த வாசலுக்குப் போகப் பயப்படுவது இயல்பு. அந்தப் பக்கத்து ஊர்களில் கட்விக் டிடெய்னீஸ் வெல்ஃபேர் குரூப் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவருக்கு ஒருவர் என்று தன்னார்வலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். வழக்கை நடத்துவது அவர்கள் வேலையில்லை. எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். வீட்டிலிருந்து யாரும் போக முடியாதென்றால், அவரிடம் போனில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.